தொடக்கப்பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது எப்படி? நெல்லைச் சீமைப் பள்ளிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம் வட்டாரத் தொடக்கப்பள்ளிகளில் மேம்பாட்டுத் திட்டம் என்று எழுதப்படும் தாள்களில் பெரும்பாலும் ஒரே வரிசைதான் இருக்கும். சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, கணினி. எல்லாமே வேண்டியவைதான். ஆனால் தாளைக் கடைசி வரை படித்தாலும் அந்தப் பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளையின் முகம்கூடத் தெரியாது. திட்டம் பிள்ளைகளின் பெயரில் தொடங்க வேண்டும், கட்டடம் அதற்குப் பிறகு வரட்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. பிள்ளைகளின் நலம் என்று கடைசியில் ஒரு பத்தி சேர்ப்பதில் பயனில்லை. எழுதுகிற ஒவ்வொரு வரியும் எந்தப் பிள்ளைக்காக என்று சொல்ல முடிய வேண்டும்.

ஐம்பது, அறுபது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள பள்ளியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நம் பக்கத்துக் கிராமங்களில் அப்படிப்பட்ட பள்ளிகளே அதிகம்.

சட்டம் சொல்வது

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. 22-ஆம் பிரிவு அந்தக் குழு எழுத வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி மேம்பாட்டுத் திட்டம் என்பது மூன்றாண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று உட்திட்டங்கள். தமிழ்நாட்டில் இப்போது குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது.

திருநெல்வேலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்ற மிஷனரியின் காலம் தொட்டு இங்கே ஊர் ஊராகப் பள்ளி வைத்தவர்கள் மிஷனரிகள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள். அதனால் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகள் நம் பக்கம் மிகுதி. 2012 திருத்தத்தின்படி உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டுமே சொல்லும், திட்டம் எழுதும் கட்டாயம் அதற்கு இல்லை. கட்டாயம் இல்லையென்றால் எழுதக் கூடாது என்று பொருளல்ல. நிர்வாகமும் தலைமையாசிரியரும் சேர்ந்து தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும்.

பள்ளியை ஊரே தூக்கி நிறுத்திய வரலாறும் நமக்கு உண்டு. காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் தொடங்கியது அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில். அடுத்த சில ஆண்டுகளில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கையிலிருந்ததைப் பள்ளிக்குக் கொடுத்தார்கள்.

முதல் படி: சரியான ஆட்கள், சரியான நேரம்

கூட்டம் போட்டால் அம்மாக்கள் வருவதில்லை என்று சொல்வதற்கு முன், எந்த நேரத்தில் போட்டோம் என்று பார்க்க வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்களுக்குக் கடையில் கணக்குக் கொடுக்கும் நேரம் தவறினால் அன்றைய கூலி போகும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வர முடியாது. எந்த நேரம் தோது என்று அவர்களிடமே கேளுங்கள். மடியில் பீடித் தட்டோடு வந்தாலும் உட்கார வையுங்கள். கை அது பாட்டுக்குச் சுற்றும், வாய் நன்றாகவே பேசும்.

வந்தவர்கள் முதல் கூட்டத்தில் சொல்வது அநேகமாக இதுதான்: “நாங்க என்னத்த டீச்சர் சொல்ல? நீங்களே எழுதிப் போடுங்க, கையெழுத்துப் போடுதோம்.” இதை ஒத்துக்கொண்டுவிட்டால் அன்றோடு திட்டம் முடிந்தது. “பள்ளிக்கூடம் எப்படி இருக்கணும்?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. “உங்க பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன சொல்லுதான்?” என்று கேளுங்கள். “வந்ததும் சொம்பு தண்ணியக் குடிக்கான்”, “பசிக்குன்னு நிக்கா”, “அந்தப் பய அடிச்சிட்டான்னு அழுதான்” என்று வரும். திட்டத்தின் முதல் பக்கத்துக்கு வேண்டியது அதுவே.

சத்துணவு அமைப்பாளர், சமையலர், காலை உணவு செய்யும் மகளிர் குழுப் பெண், தூய்மைப் பணியாளர், பக்கத்து அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரையும் கூப்பிடுங்கள். எந்தப் பிள்ளை தட்டில் சோற்றை மிச்சம் வைக்கிறது, எது இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்படுகிறது என்று ஆசிரியரைவிடச் சமையலருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு நீள நோட்டில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து கட்டம் போடுங்கள்.

வருகை. மொத்த வருகை 90 சதவீதம் என்று பதிவேடு சொன்னால் மனம் நிறைந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் தினமும் வருகிற பிள்ளையும் வாரம் ஒருநாள் வராத பிள்ளையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். பத்து நாளுக்கு ஒருநாள் வராத பிள்ளை, ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது அரை வருடப் படிப்பை இழந்திருக்கும். யார், எந்தக் கிழமையில் வருவதில்லை என்று குறியுங்கள்.

படிப்பு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வருவதற்காக 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறோம். அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கணினியில் ஏற்றிய நிலையை அப்படியே பார்த்தெழுத வேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதுவரை பார்க்காத ஒரு சின்னக் கதையைப் படிக்கச் சொல்லி, என்ன நடந்தது என்று கேளுங்கள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

உடம்பு. புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கும் பிள்ளை, கரும்பலகையை விட்டுப் பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, காதில் சீழ் வடியும் பிள்ளை. படிப்பு வரவில்லை என்று நாம் எழுதிவைத்த பெயர்களில் சிலருக்குக் கண்ணோ காதோதான் காரணமாக இருக்கும். மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் இந்தப் பட்டியல் கையில் இருந்தால், எல்லாரையும் வரிசையில் நிறுத்தி அனுப்புவதற்குப் பதில் இவர்களை முதலில் காட்டலாம்.

வீடு. அம்மா, அப்பா உடன் இருக்கிறார்களா, ஆச்சி வீட்டில் வளர்கிறதா, வெளியூர் வேலைக்குப் போன குடும்பமா, செங்கல் சூளைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பமா.

கூட்டாளி. நான் மிகவும் நம்புகிற கட்டம் இது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, “மத்தியானம் யார்கூட உட்கார்ந்து சாப்பிடுத?” என்று மட்டும் கேளுங்கள். சொன்ன பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தால், கடைசியில் யாருமே சொல்லாத பெயர் ஒன்றிரண்டு மிஞ்சும். அடி வாங்கியதாகவோ கேலி செய்ததாகவோ அந்தப் பிள்ளை ஒருநாளும் புகார் சொல்லியிருக்காது. பள்ளிக்கு வருவதற்கே அதற்குக் காரணம் குறைந்துகொண்டிருக்கும்.

இந்த நோட்டு பீரோவுக்குள் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டவோ கூட்டத்தில் வாசிக்கவோ கூடாது. குழுவிடம் எண்ணிக்கை மட்டும் போனால் போதும்: “கண் பார்க்க வேண்டியவர்கள் நாலு பேர்.” ஊருக்குள் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் கிடைக்க நம் நோட்டு காரணமாகிவிடக் கூடாது.

மூன்றாம் படி: பிள்ளைகள் பள்ளியைச் சுற்றிக் காட்டட்டும்

ஒரு மதியம் இரண்டாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் இருந்து ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிடித்த இடத்தில் பச்சைச் சுண்ணக்கட்டி, பயப்படுகிற இடத்தில் சிவப்பு. நீங்கள் பின்னால் நடந்தால் போதும். வேப்பமரத்தடியும் குழாயடியும் பச்சையாகும். பாழடைந்த பழைய கட்டடத்தின் நிழல், நாய் படுத்திருக்கும் வாசல், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி சிவப்பாகும்.

பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவில் சிவப்புப் போட்டால் நின்று கேளுங்கள். “கொண்டி இல்ல டீச்சர். ஒருத்தி வெளிய நிக்கணும். அவ வரலைன்னா நான் போமாட்டேன்” என்று ஒரு பிள்ளை சொல்லும். அதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் கேட்டால்தான் சொல்லும். சித்திரை வெயிலில் தலைவலி என்று மேசையில் கவிழ்ந்து கிடந்தது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம். புதிய கழிப்பறை வேண்டும் என்று நாம் வருடாவருடம் எழுதிக்கொண்டிருப்போம். இன்றைக்கு வேண்டியது ஒரு கொண்டி (தாழ்ப்பாள்), ஒரு வாளி, ஒரு கப்பு, வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு. எந்த அலுவலகத்துக்கும் கடிதம் எழுதாமல் அந்த வாரமே முடிக்கலாம்.

சுவர்களைப் பெரியவர்கள் பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி டவுனில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதை நாம் மறக்கக் கூடாது. மழைக்கு முன் ஒவ்வொரு சுவரையும், குறிப்பாக அடித்தளமில்லாத சின்னச் சுவர்களையும் தொட்டியின் தூண்களையும் ஊராட்சிப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் அன்றே கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். இடிக்க உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான்காம் படி: காரணம் தேடுவது

பட்டியலில் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் “ஏன்” என்று விடாமல் கேட்க வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை திங்கள்தோறும் வருவதில்லை என்று வையுங்கள். “அக்கறையில்லாத வீடு” என்று எழுதிவிடுவது சுலபம். நேரில் போய்க் கேட்டால் வேறு கதை வரும். பதநீர்க் காலத்தில் அப்பா பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியிலேயே தங்குகிறார், சனிக்கிழமை அம்மாவும் பிள்ளையும் அங்கே போகிறார்கள், திங்கள் மதியம் பஸ்ஸில்தான் திரும்புகிறார்கள். இனி பேச வேண்டியது ஞாயிறு மாலைப் பஸ்ஸைப் பற்றியும், ஊரிலிருக்கும் ஆச்சி வீட்டில் ஓர் இரவு தங்குவதைப் பற்றியும். வீட்டுக்குப் போகும்போது குறை சொல்லப் போகாதீர்கள். “பிள்ளையக் காணலையே, தேடுச்சு, அதான் வந்தேன்” என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த திங்கள் பிள்ளை வாசலில் நிற்க வாய்ப்பு அதிகம்.

ஐந்தாம் படி: மூன்றே இலக்கு

இரண்டு ஆசிரியர் இருக்கிற பள்ளியில் பதினைந்து இலக்கு எழுதினால் ஒன்றும் நடக்காது. ஆண்டுக்கு மூன்று போதும். படிப்பில் ஒன்று, நலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. மற்றவற்றை அடுத்த ஆண்டுகளின் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

“மாணவர்களின் வாசிப்புத் திறன் மேம்படுத்தப்படும்” என்று எழுதினால், நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதலாம்:

“மூன்றாம் வகுப்பில் சொற்களை எழுத்துக்கூட்டியே படிக்கும் 7 பிள்ளைகள், பொங்கல் விடுமுறைக்கு முன், பார்க்காத ஒரு சிறு கதையைத் தாமே படித்து நடந்ததைச் சொல்வார்கள். தினமும் காலை முதல் அரைமணி நேரம் இவர்களுக்கு. பொறுப்பு: உதவி ஆசிரியர். அந்த நேரம் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தலைமையாசிரியர். மாதக் கடைசி வெள்ளி படிக்கவைத்துப் பார்ப்பது.”

யார், எதை, எப்போதுக்குள், எப்படித் தெரியும் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. நலத்துக்கும் இதே போல எழுத முடியும்: “கூட்டாளி இல்லாத 3 பிள்ளைகளின் பெயரை, தீபாவளிக்குப் பின் மறுபடி கேட்கும்போது, ஆளுக்கு ஒருவராவது சொல்வார்கள்.” அதற்கான வேலை இருக்கை மாற்றுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அந்தப் பிள்ளையோடு இன்னொருவரைச் சேர்த்துக் கொடுப்பது போன்ற சின்னச் சின்னச் செயல்கள்தான்.

ஆறாம் படி: நலத்தில் விடக் கூடாதவை

சாப்பாடு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பரிமாறியதோடு பள்ளியின் வேலை முடியவில்லை. தாமதமாக வரும் பிள்ளைக்குச் சாப்பாடு எடுத்துவைக்கப்படுகிறதா? பெரும்பாலும் பசியோடு வருவது அந்தப் பிள்ளைதான். “நேரத்துக்கு வந்தாத்தான் சோறு” என்ற விதி எந்தப் பள்ளியிலும் வேண்டாம்.

மாத்திரை. குடற்புழு நீக்க மாத்திரை ஆண்டுக்கு இருமுறை, ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்றாக இளஞ்சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை. சாப்பிட்ட பிறகு, கண் முன்னால் விழுங்க வைக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.

பயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு பல பள்ளிகளில் போய்விட்டது. “மக்கு”, “இவனுக்கு எங்க ஏறப் போகுது” என்ற சொற்கள் போகவில்லை. எந்தச் சொற்களை இனி சொல்வதில்லை என்று ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். எழுதத் தெரியாத பிள்ளைக்குப் புகார்ப் பெட்டி உதவாது. எது நடந்தாலும் போய்ச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அது சமையல்கார அக்காவாகவும் இருக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-ஐயும் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பெரிதாக எழுதுங்கள். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதும் பள்ளிக்குள்ளேயே விசாரித்து மூடிவிடுவதும் குற்றத்துக்குத் துணை போவதாகும்.

சாதி. நம் மாவட்டத்தில் திட்டம் எழுதும் எவரும் இதைத் தவிர்க்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் மாணவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிறு மேல்நிலைப் பள்ளியில் கையில் ஏறுகிறது. பழக்கம் தொடங்குவது நம்மிடம்.

தொடக்கப்பள்ளியில் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். உதவித்தொகைப் படிவம் வந்த நாளில், “எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க” என்று வகுப்பில் சொல்லப்படுகிறது. அதுவரை தன் சாதி என்னவென்றே தெரியாத ஆறு வயதுப் பிள்ளை எழுந்து நிற்கிறது, மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் எத்தனை வருடமானாலும் அழிவதில்லை. திட்டத்தில் இப்படி எழுதுங்கள்: “சாதி, வருமானச் சான்று விவரங்கள் பெற்றோரிடம் மட்டுமே கேட்கப்படும். வகுப்பறையில் ஒருபோதும் கேட்கப்படாது.” பெருக்குவது, தண்ணீர் எடுத்து வைப்பது, தட்டு கழுவும் இடத்தைச் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்கு முறை வைத்து, எல்லாப் பெயரும் அந்த முறையில் வருகிறதா என்று மாதம் ஒருமுறை சரிபாருங்கள். கழிப்பறையைக் கழுவும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. தெரு வாரியாக உட்காரும் பழக்கம் இருந்தால் இருக்கையை வாரம்தோறும் மாற்றுங்கள். ஒரு பெற்றோர் வந்து “என் பிள்ளைய அங்க உட்கார வைக்காதீங்க” என்றால், மரியாதையாக உட்காரவைத்து, முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: பணம்

முதலில் பணமே வேண்டாத வேலைகளைப் பிரித்து எழுதுங்கள். பட்டியலில் பாதி அப்படித்தான் இருக்கும். அடுத்து, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் அரசுப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி வரும். அதில் ஒரு பங்கு தூய்மைக்கு. கொண்டி, வாளி, சோப்பு எல்லாம் அதில் அடங்கும். கட்டட வேலைகளை ஊராட்சி வழியாகக் கேட்க வேண்டும் என்பதால், ஜூலை, ஆகஸ்டில் பட்டியல் வேலையை முடித்து, அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் போடும்படி எழுதிக் கொடுங்கள். தவறினால் நவம்பர் 1 இருக்கிறது.

முன்னாள் மாணவர்கள் சென்னை, மும்பை, வளைகுடா என்று எங்கிருந்தாலும் கோயில் கொடைக்கு (ஊர்க் கோயில் திருவிழாவுக்கு) ஊர் வருவார்கள். கொடை முடிந்த மறுநாள் பள்ளியில் ஒரு சந்திப்பு வைக்கலாம். ஆனால் கொடைக்கமிட்டி பெயரில் பணம் வாங்காதீர்கள். ஒரு கொடை ஒரு தெருவுக்குச் சொந்தமாக இருக்கும். பள்ளி எல்லாத் தெருவுக்கும் சொந்தம்.

எட்டாம் படி: நம் ஊர் நாட்காட்டி

ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் அட்டவணையின் மேல் ஊரின் வருடத்தையும் எழுதுங்கள். ஆடியில் கொடைகளும் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசையும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பிசானப் பருவ நெல் நடவும். மாசி, பங்குனியில் அறுவடை. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். அந்த நாட்களில் புதுப் பாடம் வைக்காமல் திருப்புதல் வையுங்கள். வராத பிள்ளை பின்தங்காது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பதிவேடுகள், நோட்டுகள், அரிசி எல்லாம் மழைக்கு முன்பே உயரத்துக்குப் போய்விட வேண்டும். தண்ணீர் வடிந்து பள்ளி திறந்த முதல் வாரம் பாடத்தைவிடப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்பது முக்கியம் என்பதையும் எழுதிவையுங்கள்.

ஒன்பதாம் படி: மாதம் ஒரு அரைமணி

மூன்று இலக்கு, மூன்று கேள்வி. சொன்னபடி செய்தோமா? பிள்ளையிடம் மாற்றம் தெரிகிறதா? இல்லையென்றால் எதை மாற்றுவது? இரண்டு மாதம் செய்தும் ஒரு வழி பலிக்கவில்லை என்றால் பிள்ளையை விட்டுவிடாமல் வழியை மாற்றுங்கள். குழுத் தலைவியாக இருக்கும் அம்மா இந்தக் கேள்விகளைக் கேட்கட்டும், ஆசிரியர் பதில் சொல்லட்டும். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

மே, ஜூனில் மாறுதல் கலந்தாய்வு வரும். தலைமையாசிரியர் மாறினால் அநேகமாகத் திட்டமும் கூடவே போய்விடும். அதனால் திட்டத்தை மூன்று படி எடுங்கள். ஒன்று பள்ளியில், ஒன்று குழுத் தலைவி வீட்டில், ஒன்று வட்டார வள மையத்தில். பெயர்ப் பட்டியல் நோட்டை மட்டும் படியெடுக்க வேண்டாம். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவி, பதிவேடுகளோடு அதையும் புதியவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அரைநாள் ஆகும். அந்த அரைநாளை ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.